சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன்

குன்றில் இரண்டு பெட்டிகள். ஒரே வடம்.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
பத்தொன்பது வருடமாக அந்த விசையைத் தள்ளுகிறவள் நான்,
வால்பராய்சோத் துறைமுகத்துக்கு மேலே
ஒரு மரக்கூண்டில்.

போன ஆகஸ்டில்
பெட்டி நடுவழியில் இருக்கும்போதே
நான் எங்கோ போய்விட்டேன்.
பள்ளிப் பையோடு ஒரு பையன்
கண்ணாடியைத் தட்டினான்:
"சென்யோரா, வந்துட்டோம்."

வயசு, என்றார்கள் டாக்டர்கள்.
தீட்டு நிற்கிற காலம். தனிமை.
ஒருவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.
இன்னொருவர் நாய் வளர்க்கச் சொன்னார்.
வளர்த்தேன்.
அது என் அறையில் படுக்க மறுத்தது.

உடைந்த கடைவாய்ப் பல்லுக்காகத்தான்
ரெம்பெர்தோ ஒலிவாரெஸிடம் போனேன்.
பல்லுக்கு முன்னால் அவர் நாக்கைப் பார்த்தார்.
ஓரமெல்லாம் பல் பதிந்த தடம்,
எம்பனாதாவின் விளிம்பை
விரலால் அழுத்தி மடித்ததுபோல.
தொண்டைக்குள் விளக்கைத் திருப்பி,
"இது வாசல் இல்லை, பூனை நுழையும் சந்து" என்றார்.
பிறகு கேட்டார்:
"இரவில் உங்கள் பக்கத்தில் படுப்பது யார்?"

அறைந்திருப்பேன்.
அது மருத்துவக் கேள்வி என்று
பாதிப் படியேறிய பிறகுதான் புரிந்தது.
யாருமில்லை, டாக்டர்.
பன்னிரண்டு வருடமாக.
"அப்போது சாட்சியே இல்லை" என்றார்,
தூக்க ஆய்வகத்துக்குச் சீட்டு எழுதியபடி.

விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய்,
ஒரு ராத்திரி.
மணிக்கு இருபத்தாறு முறை
என் மூச்சு நின்றிருக்கிறது.
மணிக்கு இருபத்தாறு முறை
யாரோ என்னை உலுக்கி எழுப்பியிருக்கிறார்கள்.
அந்த யாரோவும் நான்தான்.
விடிந்தால் இருவருக்கும் ஞாபகமில்லை.

காற்று ஊதும் முகமூடி தந்தார்கள்.
நல்ல கருவி, பலர் அதனால் பிழைத்துக் கிடக்கிறார்கள்.
தூக்கத்தில் என் கை
தினமும் அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் எறிந்தது.
சரி, பல் டாக்டரையே பாருங்கள் என்றார்கள்.

இளஞ்சிவப்புப் பசையைக் கடிக்கச் சொன்னார் ஒலிவாரெஸ்.
என் வாயின் அச்சு மேசைமேல் கிடந்தது,
எதையோ சொல்ல வந்து மறந்ததுபோல.
மூன்று வாரத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள்,
பக்கத்துக்கு ஒரு சின்னத் திருகு.
மேல்தாடையைப் பிடித்துக்கொண்டு
கீழ்த்தாடையை முன்னே நகர்த்தும்;
நாக்கும் கூடவே வரும், வழி விடும்.
"கால் மில்லிமீட்டர்தான். வாரத்துக்கு ஒரு திருப்பு.
அவசரம் கூடாது."
எனக்கா சொல்கிறார்?
வடத்தில் தொங்கும் எதையும்
வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

முதல் மாதம் தலையணையெல்லாம் எச்சில்.
காலையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும்
அடையாளம் தெரியாமல் நின்றன.
ரொட்டியைக் கடித்தால்
வேறு யாரோ கடிக்கிற மாதிரி.
அரைமணி நேரம். பிறகு ராசியாகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கனவு வந்தது.
பெரிதாக ஒன்றுமில்லை. வெங்காயம் உரித்தேன்.
எழுந்து அழுதேன்,
வெங்காயத்தால் அல்ல.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு எதெல்வினா
துணி மூடிய தட்டோடு வந்தாள்.
"போய்விட்டானா?"
"யார்?"
"மறைக்காதே. பன்னிரண்டு வருஷமாகத்
தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டவன்.
ஒருநாள்கூட முகம் காட்டவில்லை.
தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.
விதவைக்கும் ஒரு வாழ்க்கை உண்டே.
நடுவில் சத்தம் சட்டென்று நின்றுபோகும்.
செத்தானோ என்று ஜெபமாலையைத் தேடுவேன்,
அதற்குள் பன்றிபோல ஓர் உறுமல்."

சாட்சி இருந்திருக்கிறாள்,
ஒரு தகரத்தின் கனத்துக்கு அப்பால்.

துணியை விலக்கினேன். எம்பனாதா.
விளிம்பில் மடிப்பு மடிப்பாக அவள் விரல்கள்.
"ஆமாம்" என்றேன். "அனுப்பிவிட்டேன்."
"நல்லது செய்தாய். வாடகையும் தந்திருக்க மாட்டான்."

மார்ச்சில் மறுபடி விரலில் கவ்வி.
மணிக்கு ஏழு, என்றது தாள்.
எப்போதாவது அவன் இன்னும்
வந்து போகிறான் என்பதை
எதெல்வினாவிடம் நான் சொல்லவில்லை.